கடன் கொடுத்தவருக்கான காப்பீடு



திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (அல்பகரா 2:282). எழுத்தின் வாசகத்தைக் கடன்பட்டவரே சொல்ல வேண்டும் என்பதும் அதில் அடங்கும். ஆகவே, தாம் எதற்காக எவ்வளவு செலுத்துகிறோம் என்பதை அறிந்திருப்பது கடனாளியின் பொறுப்பு என்றே நாங்கள் கருதுகிறோம். அமெரிக்காவில் குடும்பத்துடன் வாழும் எங்கள் தம்பியின் வீட்டுக் கடன் இதை நன்கு உணர்த்தியது.

ராசிங்காபுரத்தில் எங்கள் அத்தா வட்டிக்கு வாங்கியதுமில்லை, கொடுத்ததுமில்லை. தம்பி வீடு வாங்க முனைந்தபோது ஆலிம்களிடம் கேட்டான். அவர்களின் கருத்துகள் வேறுபட்டன. அத்தாவுக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை. அவ்வழக்கைத் தீர்க்கும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால், பட்ட கடனை இயன்றவரை விரைந்து அடைக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்றே.

வீட்டின் விலை 4,00,000 டாலர். கையிலிருந்து 10 சதவீதம் கொடுத்து, மீதி 3,60,000 டாலரை 30 ஆண்டுத் தவணையில் கடனாகப் பெற்றான். அந்நாட்டில் முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைந்தால், வழக்கமான வீட்டுக் கடனுடன் தனியார் அடமானக் காப்பீடும் பெரும்பாலும் சேர்ந்துவிடும். பி.எம்.ஐ. என்பது அதன் சுருக்கப் பெயர். தவணையோடு மாதம் 150 டாலர் அதற்கெனச் சென்றது. தமக்கு ஏதும் நேர்ந்தால் மனைவி மக்களை இது காக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கடன் திரும்பாமற்போனால் கடன் கொடுத்தவரின் இழப்பை ஈடுசெய்வதே இதன் வேலை. கட்டணம் மட்டும் கடனாளியுடையது.

இதை நிறுத்த வழி உண்டு. 1998இல் இயற்றப்பட்டு 1999 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீட்டுரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிலுவை வீட்டின் தொடக்க மதிப்பில் 80 சதவீதமாகக் குறையும்போது கடனாளி எழுத்து மூலம் நீக்கம் கோரலாம். அட்டவணைப்படி 78 சதவீதத்தை எட்டும் நாளில், தவணை பாக்கியில்லாவிட்டால், அது தானாகவே நீங்கும். தம்பிக்கோ 4 ஆண்டுகளே ஆகியிருந்தன. நிலுவை ஏறத்தாழ 3,33,000 டாலர். கோருவதற்கே இன்னும் 21 மாதங்களும், தானாக நீங்க 33 மாதங்களும் காத்திருக்க வேண்டும்.

எங்கள் போடி வட்டாரத்தில் சென்ற ஆண்டு விலையைச் சொல்லி எவரும் இன்று ஏலக்காய் விற்பதில்லை; காயின் தரமும் அன்றைய ஏலமுமே விலையை முடிவு செய்கின்றன. வீட்டுக்கும் அப்படியொரு வழி இருக்கிறது. ஃபேனி மே, ஃப்ரெடி மேக் ஆகிய நிறுவனங்களின் பொறுப்பிலுள்ள கடன்களுக்கு, வீட்டின் இன்றைய மதிப்பைக் கொண்டும் நீக்கம் கோரலாம். கடன் வாங்கி 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் என்றால் நிலுவை இன்றைய மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது. 5 ஆண்டுகளைக் கடந்திருந்தால் 80 சதவீதம் வரை போதும். தவணைகள் ஒழுங்காகச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.

தம்பி எழுத்து மூலம் விண்ணப்பித்தான். மதிப்பீட்டாளரை அமர்த்துவது கடன் தரப்பு. சில நூறு டாலர் கட்டணம் கடனாளியுடையது. மதிப்பு குறைவாக வந்தால் அப்பணம் திரும்பாது. எனவே அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையை முன்னதாகவே விசாரித்துக்கொண்டான். மதிப்பீட்டாளரிடம் சமையலறையைப் புதுப்பித்த செலவுச் சீட்டுகளைக் காட்டினான். தொகையைக் கூட்டிப் போடும்படி கேட்கவில்லை. அளவையிலும் நிறுவையிலும் நேர்மை என்பது விற்பவருக்கு மட்டுமான கட்டளையன்று. மதிப்பு 4,50,000 டாலர் என வந்தது. நிலுவை அதில் 74 சதவீதம். அல்ஹம்துலில்லாஹ், காப்பீடு நீங்கியது.

அந்த 150 டாலர் இப்போது மாதந்தோறும் அசலில் கழிகிறது. அந்த அளவுக்கு வட்டியும் குறைகிறது. கேட்டறிந்த அத்தா, “முழுவதும் அடையட்டும், பிறகு சந்தோஷப்படலாம்” என்றார்.

வெளிநாட்டுச் சகோதரர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: எஃப்.எச்.ஏ. கடனுக்கு இவ்விதி பொருந்தாது. 2013 ஜூனுக்குப் பின் 10 சதவீதத்துக்குக் குறைந்த முன்பணத்தில் பெற்ற அவ்வகைக் கடனில், காப்பீட்டுக் கட்டணம் கடன் முடியும்வரை தொடரும்.

நம் ஊரில் வீட்டுக் கடன் உள்ளவர்களும் ஆவணங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இங்கே பி.எம்.ஐ. வழக்கில் இல்லை; ஆனால் கடனாளியின் ஆயுளுக்கான காப்பீட்டின் மொத்தக் கட்டணத்தைக் கடனிலேயே சேர்த்துவிடுவது உண்டு. அது சட்டப்படி கட்டாயமன்று. கடனை முன்கூட்டியே அடைத்தால், எஞ்சிய காலத்துக்குரிய தொகை திரும்புமா என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

கடன்பட்டோர் அனைவரின் சுமையையும் அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக.