உப்புப் பை

ஷார்ஜா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

 

அடுத்த வாரம் ஊருக்கு வருகிற நண்பர் கையில் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். பார்த்ததுமே அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைக்க உனக்குக் கை பரபரக்கும். தயவுசெய்து அதற்குத் தண்ணீரே காட்டாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அது ஓர் உப்புப் பை. பாரசீகத்தில் நமக்தான் என்பார்கள். ஈரானின் வடமேற்கு மூலையில் ஆடு மேய்த்து வாழ்ந்த ஷாசவன் மக்களில் யாரோ ஒருத்தி தன் வீட்டுக்கென்று நெய்தது. அடி அகலம், மேலே கழுத்து குறுகல். கம்பளியில் செய்த கூஜா மாதிரி இருக்கும். அந்தக் கழுத்தில்தான் சூட்சுமம். உப்பென்றால் ஆடு விடாது, பைக்குள் தலையை விட்டுவிடும். இதில் நம் கை நுழையும், ஆட்டின் தலை நுழையாது. கழுத்தை மடித்துவிட்டால் வழியில் கொட்டவும் கொட்டாது.

வழி கொஞ்சநஞ்சமில்லை. குளிர்காலத்துக்கு அராஸ் ஆற்றுப் பக்கம் மோகான் சமவெளி. கோடைக்கு 4,811 மீட்டர் உயரமான சபலான் மலையின் சரிவுகள். வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டையே ஒட்டகத்தின் மேல் ஏற்றியவர்களுக்குப் பானையும் பெட்டியும் சரிப்பட்டிருக்குமா? அதனால் எல்லாமே பைதான். மெத்தை, போர்வைக்குப் பெட்டி வடிவில் மஃப்ராஷ். விலங்கின் முதுகில் இருபுறமும் தொங்கவிடும் இரட்டைப் பைக்குக் கோர்ஜின் என்று பெயர். உப்புக்கு இது.

பையைக் கையில் எடுத்ததும் உட்பக்கத்தைத் திருப்பிப் பார். முடிச்சுப் போட்ட கம்பளம் இல்லை இது. சுமாக் என்று ஒரு வேலை: வண்ண நூல் நான்கு பாவு இழைகளுக்கு மேலாகப் போய், இரண்டுக்கு அடியில் திரும்பி, சுற்றிச் சுற்றியே நட்சத்திரமும் கொக்கியும் ஆகிவிடுகிறது. மிச்ச நூல் முனைகளை அவள் வெட்டவில்லை, உள்ளேயே தொங்க விட்டிருக்கிறாள். நீ கத்தரிக்கோலை எடுத்துவிடாதே.

விற்றவர் 150 வருஷம், எல்லாம் வேர்ச்சாயம் என்று சத்தியம் செய்தார். சிவப்பு சரிதான். நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சிட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை முறையாகும் ஒரு செடியின் வேர் அது. நீலம் அவுரி. ஆனால் நட்சத்திரங்களின் நடுவே சாம்பல் பூத்த மாதிரி ஒரு நிறம் உண்டு, நீ அழுக்கு என்றுதான் நினைப்பாய். உள்ளே பார்த்தால் அதே நூல் பளீரென்ற கத்தரிப்பூ ரோஸ்! ஃபுக்சின் என்ற ஆலைச்சாயம். 1859 வாக்கில் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. வெயில் பட்ட பக்கம் வெளுத்துவிடும். அது பிரான்சிலிருந்து மோகான் சந்தை வரை வந்து சேர வேண்டும் அல்லவா? 150 என்பதில் நான் ஒரு நாற்பதைத் தள்ளிவிட்டேன். விலையிலும் கொஞ்சம் தள்ளினார், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

இந்த ஆலைச்சாயங்கள் கம்பளத்தின் பேரைக் கெடுக்கின்றன என்று பாரசீக அரசே தடை போட்டுப் பார்த்தது. சேகரிப்பாளர்களும் ஃபுக்சின் என்றால் மூக்கைச் சுருக்குவார்கள். எனக்கோ அந்த இடம்தான் பிடித்திருக்கிறது. வேரை இடித்துக் காய்ச்சி அலுத்தவள், சந்தையில் புதுசாக ஒரு நிறத்தைக் கண்டு, கொஞ்சமே வாங்கி, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு பொட்டு என்று எண்ணி எண்ணிச் செலவழித்திருக்கிறாள். தீபாவளிக்கு வாங்கிய ஜிகினாவை நீ பாவாடை ஓரத்துக்கு மட்டும் வைத்துத் தைத்தாயே, அந்தச் சிக்கனம்.

இன்னொன்று. இது முழுப் பை. இப்படிக் கிடைப்பது அபூர்வம். பூ வேலை செய்த முன்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து, வெறும் கோடு போட்ட பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தத் துண்டுக்குக் கடைகளில் 'முகம்' என்று பெயர். மஃப்ராஷைப் பக்கம் பக்கமாகப் பிரித்து விற்பார்கள். சட்டம் போட்ட 'முகங்கள்' வரிசையாகத் தொங்கும் ஒரு கடையில் எனக்குச் சகிக்கவில்லை. பெயரைக்கூட மாற்றி, வெகுகாலம் காக்கேசியச் சரக்கென்றே விற்றிருக்கிறார்கள். ஷாசவன் என்று பரவலாகச் சொல்லத் தொடங்கியதே 1970களுக்குப் பிறகுதான். ஜென்னி ஹவுஸ்கோ என்ற பெண்மணி 1978இல் எழுதிய புத்தகத்துக்கு அதில் பங்குண்டு.

பூச்சி முட்டை இருக்குமோ என்று பாலித்தீனில் சுற்றி இரண்டு வாரம் ஃப்ரீசரில், மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். உன் நாத்தி என்னோடு பேசவில்லை. நீ வெயில் படாத இடத்தில் வை, மாதம் ஒருமுறை நிழலில் உதறு, போதும். ஆணியில் மாட்டாதே.

வாங்கிய அன்று உள்ளே விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சிரிக்காதே. தூசிதான்.

ஆச்சியின் சுருக்குப்பை இன்னும் அந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா? வெற்றிலைக் கறையோடு இருக்குமே, அது. இருந்தால் எடுத்துப் பத்திரமாக வை. அதையும் துவைத்துவிடாதே.

உன் தம்பி