இரண்டு பக்கமும்

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அண்ணன் ஸ்கேனுக்குப் படுத்தார். "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்த டாக்டரம்மா, வலது விலாவுக்குக் கீழே வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். இடது பக்கம் போனார். திரும்ப வலது பக்கம் வந்தார். ஜெல்லை இன்னொரு தடவை பிழிந்தார்.

சி.டி.யில் உறுதியானது. வலது சிறுநீரகத்தில் 4 செ.மீ. கட்டி, இடதில் சின்னதாக இரண்டு. சிறுநீரில் ரத்தமில்லை, விலாவில் வலியில்லை. கிரியாட்டினின் 0.9. சர்க்கரைக்காரரான அண்ணன் வருடா வருடம் பெருமையாகக் காட்டும் எண் அது. சிறுநீரகம் ஒழுங்காக வடிகட்டுகிறதா என்பதைத்தான் அது சொல்லும். கட்டி வளர்வதைச் சொல்லாது.

"ரெண்டும் போச்சாமே" என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி ஊரே வந்தது. என்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று யூராலஜி டாக்டரிடம் சொன்னேன், கொஞ்சம் வீராப்பாகவே. அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அப்பா எப்படித் தவறினார்?"

"மூளையில கட்டி சார்."

"கண்ணு நல்லா இருந்துச்சா?"

அப்பாவுக்கு முப்பது வயதிலேயே ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. செய்வினை என்பாள் பாட்டி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "முதல்ல நீங்க ஸ்கேன் எடுங்க."

வான் ஹிப்பல்-லிண்டாவ். மூன்றாம் குரோமோசோமில் ஒரு மரபணுப் பழுது. 1993இல் அடையாளம் கண்டார்கள். விழித்திரை, மூளை, கணையம், இரண்டு சிறுநீரகம் என்று எங்கும் கட்டி கிளம்பலாம். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இரண்டையும் எடுத்துவிட்டு டயாலிசிஸ் என்றே பயந்திருந்தோம். இந்த நோயில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லையாம். பெரிய கட்டி 3 செ.மீ. தொடும்வரை கண்காணிப்பு; அதன்பின் கட்டியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். புதிதாக இன்னொன்று முளைக்கும், திரும்பவும் வெட்ட வேண்டிவரும் என்பதால், நல்ல பாகத்தை அவ்வளவு சிக்கனமாக மிச்சம் பிடிக்கிறார்கள். அண்ணனுக்கு வலது பக்கம் மட்டும் ஆபரேஷன் நடந்தது. இடது பக்கம் இன்னும் கண்காணிப்பில்தான்.

மரபணுச் சோதனையில் எனக்கு இல்லை என்று வந்தது. அண்ணன் மகளுக்கு இருந்தது. கல்லூரியில் படிக்கிறவள். விழித்திரையில் சின்னதாய் ஒன்று தெரிய, லேசர் வைத்தார்கள்.

"வெளிய மூச்சு விடாதீங்க தம்பி, நாளைக்கு இவள யாரு கட்டுவா?" என்றார் அண்ணி. அப்பாவுடன் பிறந்த இரண்டு அத்தைகளின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் என் கண்முன் வந்து போனார்கள். நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவளே எழுதிவிட்டாள்: எனக்கு இந்த நோய் இருக்கு, எல்லாரும் கண் டாக்டரைப் பாருங்க, வயித்து ஸ்கேன் எடுங்க.

அன்று ராத்திரியே மூன்று பேர் குழுவைவிட்டு வெளியேறினார்கள்.