ஒரு பூச்சியத்தால் வந்த வினை

பெங்களூரில் வாழும் நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் கணிப்பொறித் தொழில் செய்வார் ஒருவரேனும் இருப்பர். அத்தொழிலில் நாம் செய்த பிழை ஒன்றை இங்கே கூறத் துணிகின்றோம். இளைஞர் சிலருக்கேனும் அது பயன்படலாம்.

நாம் பணி செய்வது இயங்குதளத்தில். அதாவது வட்டு, நினைவகம், விசைப்பலகை முதலியவற்றை ஆண்டு நடத்தும் அடிப்படை நிரலில். அந்நிரலை ஓட்டிப் பாராமலே, வரிவரியாகப் படித்து, ‘இங்கே தவறு இருக்கலாம்’ என்று எச்சரிக்கும் ஆய்வுக் கருவிகள் உண்டு. அவை சொல்வன யாவும் உண்மையல்ல. பொய் எச்சரிக்கைகளும் மலிந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், மாத இறுதிக்குள் எச்சரிக்கை ஒன்றும் எஞ்சக்கூடாது என்று மேலிடம் பணித்தது. வட்டில் எழுதும் பகுதியில், செயலின் விளைவைத் தெரிவிக்கும் மாறிக்கு ஒரு வழியில் மதிப்பே இடப்படவில்லை என்றது கருவி. அவ்வழி எது என்று தேட நமக்குப் பொறுமையில்லை. மாறியை அறிவிக்கும் வரியிலேயே 0 என்று எழுதினோம். எச்சரிக்கை மறைந்தது. அவ்வாறே முப்பது எச்சரிக்கைகளைத் தீர்த்துவிட்டுப் பெருமிதத்துடன் வீடு திரும்பினோம்.

சி மொழியில் எழுதப்படும் இத்தகைய நிரல்களில் 0 என்றால் வெற்றி என்பது மரபு. கருவி சுட்டிய வழியோ, குறித்த நேரத்துக்குள் வட்டு மறுமொழி தராதபோது செல்லும் வழி. சோதனைப் பிரிவின் மூத்த அம்மையார் ஒருவர், கோப்பு எழுதப்படும்போதே வட்டின் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தார். ‘எழுதியாயிற்று’ என்றது திரை, கோப்போ இல்லை. ஒரு கடையின் கணக்கோ, ஒரு குடும்பத்தின் புகைப்படங்களோ அவ்வாறு மறைந்திருக்குமாயின்!

அம்மையார் சினக்கவில்லை. “கருவி உங்களை ஒரு கேள்வி கேட்டது, தம்பி. விடை சொல்லாமல் அதன் வாயைப் பொத்திவிட்டீர்கள்” என்றார்.

அன்றிரவே முப்பதையும் மீண்டும் திறந்து படித்தோம். இருபத்தேழு பொய் எச்சரிக்கைகள்; அவற்றின் அருகே, ஏன் பொய் என்று காரணம் எழுதிவைத்தோம். மூன்று உண்மை. அவற்றில் பூச்சியத்தை நீக்கி, உரிய வழியில் உரிய பிழை எண்ணை இட்டோம். தொடக்கத்தில் பூச்சியம் இல்லாதிருந்தால்தான், நாளை வேறொருவர் புதுவழி சேர்த்து மதிப்பிட மறக்கும்போது கருவி மீண்டும் குரல் கொடுக்கும்.

2020 மே மாதத்தில், லினக்ஸை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், ஜிசிசி கம்பைலர் தரும் இதே வகை எச்சரிக்கையை வழக்கமாக எழாதவாறு நிறுத்தினார். பொய் எச்சரிக்கை மிகுந்துவிட்டது என்பதே காரணம். வேண்டுவோர் கேட்டுப் பெறவும் வழி உண்டு. காரணம் கூறி வெளிப்படையாக நிறுத்துவது வேறு. காரணம் தேடாமல் பூச்சியத்தால் மூடுவது வேறு.

ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில் பேசும்போது, காதில் வாங்காமலே ‘சரி, சரி’ என்று சொல்லிவைக்கும் வழக்கம் வெளியூரில் வாழும் நம்மிடம் உண்டு. நாம் இட்ட பூச்சியமும் அத்தகையதே. பேச்சு முடிந்துவிடும், அவர் சொல்ல வந்தது நம்மை வந்து சேராது.