செயின் அறுந்த தாங்கி



எங்கள் பிள்ளைகளின் றிமோட் தாங்கி என்ன ஆனது என்று பாதையில் காண்கிற எல்லோரும் கேட்கிறீர்கள். செயின் அறுந்துவிட்டது. பெற்றோர் சேர்த்துத் தந்த காசு என்பதால் கணக்குச் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

யுத்த தாங்கி எதற்கு என்று முகம் சுளித்தவர்களும் இருக்கிறார்கள். நியாயம்தான், இந்த நாட்டில் பார்த்தது போதும். ஆனால் செயின் சக்கரம் யுத்தத்துக்காகப் பிறந்ததில்லை. 1904இல் கலிபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர், சேற்று நிலத்தில் புதைகிற உழவு இயந்திரத்துக்கு அதைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். தாங்கி போர்க்களத்துக்குப் போனது 1916இல்தான். மண்சரிவு வந்தால் எங்கள் பாதையைத் திறக்க வருகிற பெக்கோவும் அதே செயினில்தான் ஏறி வருகிறது.

ஒரு பக்கத்துக்கு 36 துண்டு, மொத்தம் 72. டவுனில் கொடுத்து திரீடி பிரின்டரில் எடுத்தோம். பார்க்க அழகு. மைதானத்து மேட்டில் ஏறும்போது மூன்று துண்டு உடைந்தது, ரிமோட் பிடித்திருந்த பிள்ளை அழுதேவிட்டான். பிழை எங்களுடையது. அந்த முறையில் உருகிய பிளாஸ்டிக்கை வரி மேல் வரியாக அடுக்குகிறார்கள். வரிகளுக்கு இடையிலுள்ள ஒட்டு பலம் குறைந்தது. துண்டுகளை நிறுத்தி வைத்து அடிக்கச் சொல்லிவிட்டோம். படுக்க வைத்திருந்தால் தாங்கியிருக்கும்.

சரி, படுக்க வைத்துத் திரும்ப அடிப்போம் என்றபோது ஒரு மாணவி கேட்டாள்: “சேர், ஒன்னு உடைஞ்சா ஒவ்வொரு தடவையும் டவுனுக்கா போறது?”

அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

தமியா போன்ற ஜப்பான் கம்பனிகள் உலோக அச்சுக்குள் பிளாஸ்டிக்கை அழுத்தி ஆயிரக்கணக்கில் எடுக்கின்றன. 72 துண்டுக்கு அந்த அச்சு வெட்டினால் பள்ளிக்கூடத்தை அடகு வைக்க வேண்டும். சிலிக்கன் அச்சில் பொலியூரத்தேன் ரெசின் ஊற்றலாம், ஆனால் ஈரம் பட்டால் அது நுரைத்துவிடும். நைலோனும் ஈரம் குடிக்கும். கொடியில் போட்ட சட்டை மூன்று நாளாகக் காயாத ஊர் இது!

கடைசியில் ஷாம்பு போத்தலுக்கு வந்தோம். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்ட பிளாஸ்டிக் ஈரம் குடிக்காது, 130 பாகை அளவில் இளகும். கழுவி, வெட்டி, பழைய சாண்ட்விச் மேக்கரில் எண்ணெய் படாத தாளுக்கிடையே வைத்து இளக்குகிறோம். ஆறும்வரை இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கி வைக்காவிட்டால் அப்பளம் மாதிரி வளையும். சூட்டு வேலை ஆசிரியர்களுக்கு, அதுவும் வெளியில், புகை வராத அளவில். வாளால் அறுப்பதும் துளையிடுவதும் பிள்ளைகளுக்கு. ஆணிக்கு சைக்கிள் ஸ்போக் கம்பி. ஒரு துண்டில் அரை மில்லிமீற்றர் கூடினால் 36 துண்டில் 18 மில்லிமீற்றர் தொங்கும் என்பதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டு, மரத்தில் ஓர் அளவுக்கட்டை செய்துகொண்டார்கள்.

பிரின்டரின் வடிவு இதற்கு இல்லை. பச்சை, வெள்ளை, நீலம் எல்லாம் கலந்து கிடக்கிறது. இதுவரை 41 துண்டு முடிந்திருக்கிறது.

மிச்சத்துக்கு 2ஆம் இலக்கப் போத்தல்கள் வேண்டும். ஷாம்பு, சலவைத் திரவம் எதுவானாலும் பரவாயில்லை. தோட்டத்தில் மருந்தடித்த கேன் மட்டும் வேண்டவே வேண்டாம். எத்தனை தடவை கழுவியிருந்தாலும் கொடுத்து அனுப்பாதீர்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பாடசாலையில் இருப்போம்.