பேச மறுத்த கணிப்பொறி

கணிப்பொறி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது அதன் திரை. ஒலியை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் உதவும் ஓர் அலங்காரம் என்றே கருதுகிறோம். ஆனால் ஒலியைக் கொண்டே கணிப்பொறியை ஆள்பவர்களும் உண்டு. எங்கள் அத்தை அத்தகையவர்.

அத்தைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளின் துணையால் அவர் கடிதம் எழுதுகிறார், செய்தி படிக்கிறார், தொலைநிலைக் கல்வியில் முதுகலைப் பட்டத்திற்கும் பயில்கிறார். இம்மென்பொருளை 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் உருவாக்கத் தொடங்கியவர் மைக்கேல் கரன். அவருடன் சேர்ந்து உழைத்தவர் ஜேம்ஸ் டே. இருவருமே பார்வையற்றவர்கள். இம்மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. தமிழையும் வாசிக்கிறது.

தொடக்கத்தில் கணிப்பொறிக்கு இவ்வளவு குரல்வளம் இருந்ததில்லை. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறிக்குள் சிறு ஒலிபெருக்கி ஒன்று உண்டு. அது ‘பீப்’ என்று கத்துவதற்கே பெரிதும் பயன்பட்டது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்னும் ஒலி அட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைப் பலர் வாங்கியது விளையாட்டுகளுக்காகவே. பார்வையற்றோர் அந்நாளில் பேச்சுக்கென்று தனிக் கருவியை அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஒலி அட்டை மலிவாகி வீடுதோறும் வந்தபின், மென்பொருளே பேசத் தொடங்கியது. விளையாட்டுக்கு வந்த பொருள் வாழ்வுக்குத் துணையாயிற்று!

இன்று பெரும்பாலான கணிப்பொறிகளில் ஒலிக்கான சில்லு, மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் அச்சில்லு ஒருநாள் பழுதாகிவிட்டது. அத்தை கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய கட்டுரைக்கு ஐந்தே நாள்கள் இருந்தன. போர்டையே மாற்றினால் செலவு மிகுதி, ஒரு ஒலி அட்டை பொருத்தினால் போதும் என்றார் பழுது பார்ப்பவர். அட்டையை வாங்கி வந்தோம். பன்னிரண்டாம் வகுப்பு அக்காவும் பத்தாம் வகுப்புத் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் வேலையில் இறங்கினோம்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உடலில் தேங்கும் நிலைமின்சாரம் நீங்கும்படி பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டோம். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எனப்படும் சிறிய துளையில் அட்டையை இருபுறமும் சமமாக அழுத்திப் பொருத்தித் திருகாணியை முடுக்கினோம். கணிப்பொறியை இயக்கினோம். திரை ஒளிர்ந்தது. குரல் வரவில்லை!

“ஏம்மா, பதறாதீர்கள். வரிசையாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்” என்றார் அத்தை.

முதலில் ஒலிபெருக்கியைக் கழற்றி வானொலியில் செருகினோம்; நன்றாகப் பாடியது. ஆகவே ஒலிபெருக்கியிலும் அதன் கம்பியிலும் குறையில்லை. அடுத்து அட்டையின் துளைகளைப் பார்த்தோம். இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கு, நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கு, பச்சை ஒலிபெருக்கிக்கு. பச்சையில்தான் செருகியிருந்தோம்.

“விண்டோஸ் விசையோடு எக்ஸை அழுத்து, பிறகு எம். வருகிற பட்டியலை மேலிருந்து கீழாக வாசி” என்றார் அத்தை. விசைகள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம். நாள்தோறும் கணிப்பொறி அவருக்கு வாசித்துக் காட்டும். அன்று நாங்கள் வாசித்துக் காட்டினோம். ‘டிவைஸ் மானேஜர்’ என்ற அப்பட்டியலில் ஓரிடத்தில் மட்டும் மஞ்சள் நிற வியப்புக்குறி தெரிந்தது.

“டிரைவர் இல்லை!” என்று கூவினாள் அக்கா. உடனே பாட்டி இழுப்பறையைத் துழாவித் திருப்புளியைக் கொண்டுவந்து நீட்டினார். இந்த டிரைவர், அட்டையோடு எப்படிப் பேசுவது என்று கணிப்பொறிக்குக் கற்றுத்தரும் மென்பொருள் என்று விளக்குவதற்குள் அனைவரும் சிரித்துவிட்டோம். அட்டையைத் தயாரித்தவர்களின் வலைத்தளத்திலிருந்து, எங்கள் 64 பிட் விண்டோஸுக்கு உரிய டிரைவரைப் பெற்று நிறுவினோம். வியப்புக்குறி மறைந்தது. அப்போதும் குரல் வரவில்லை!

“ஒலி எங்கேயோ போகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள்” என்றார் அத்தை. ஒலி அமைப்பைத் திறந்தோம். அங்கே வெளியீட்டுக்கு உரியதாகத் தெரிவாகியிருந்தது திரை! திரைக்குச் செல்லும் எச்.டி.எம்.ஐ. கம்பி, படத்தோடு ஒலியையும் ஏந்திச் செல்லும். எங்கள் திரையிலோ ஒலிபெருக்கி கிடையாது. காதணிக் கருவிக்கான துளை மட்டுமே உண்டு. கணிப்பொறி பேசிக்கொண்டுதான் இருந்தது. கேட்க வழியில்லாத இடத்தில் பேசியது. புதிய அட்டையைத் தெரிவு செய்தோம். அக்கணமே என்.வி.டி.ஏ.வின் குரல் அறையை நிறைத்தது. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். கட்டுரை உரிய நாளில் சென்று சேர்ந்தது.

மறுபடியும் சிக்கல் நேராதிருக்க, பழுதான சில்லை பயாஸ் அமைப்பிற்குள் சென்று முடக்கிவைத்தோம்.

தோழியரே! கணிப்பொறி பேசாவிட்டால் ஒலிபெருக்கி, துளை, டிரைவர், வெளியீட்டுத் தெரிவு என வரிசையாகப் பாருங்கள். அட்டையைக் குறைகூறுவது கடைசியாக இருக்கட்டும். இன்னொன்றையும் செய்து பார்க்க வேண்டுகிறோம். உங்கள் கணிப்பொறியில் என்.வி.டி.ஏ.வை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, ஒரு சிறு கடிதம் எழுதிப் பாருங்கள். நமக்கு அலங்காரமாய் இருப்பது பிறர்க்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அந்தப் பத்து நிமிடங்கள் நன்கு உணர்த்தும்.

— பத்தாம் வகுப்பு மாணவி