ஆவாரம்பூவும் இத்தாலியத் தேனீயும்



பாகூர் பக்கத்து மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், ஏரிக்கரை ஓரமா ஐம்பது இத்தாலியத் தேனீப் பெட்டி வைக்கப் போறேன். ஆவாரஞ்செடிக்கும் நல்லதுதானே?"

இல்லை தம்பி. ஆவாரம்பூவில் தேனே கிடையாது, மகரந்தம்தான். அதுவும் பைக்குள் அடைபட்டிருக்கும். வெளியே வர நுனியில் சிறு துளைதான். கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்து 'ர்ர்ர்' என்று உடம்பை அதிரவைத்தால், உப்புக் குப்பியைக் குலுக்கியதுபோல் கொட்டும். இந்த வித்தை தேனீக்கு வராது. சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போய்விடும். நம் கத்தரிப்பூவிலும் இதே கதைதான்.

இத்தாலியத் தேனீ 1960களில் பஞ்சாப் பக்கம் வேரூன்றியது. 1990களின் தொடக்கத்தில் நம் அடுக்குத் தேனீக்கள் வைரஸ் நோயில் கூட்டம் கூட்டமாக மடிந்த பிறகுதான் தெற்கே பரவியது. தேன் நிறையத் தரும், மறுக்கவில்லை. ஆனால் பெட்டிக்குப் பல்லாயிரம் என்று கரையில் இறங்கினால், மற்ற காட்டுப்பூக்களில் கருவண்டுக்கு என்ன மிஞ்சும்?

"தென்னந்தோப்பில் பத்துப் பெட்டி வை. கரையில் பட்டமரத்தை வெட்டாதே, கருவண்டு அதில்தான் துளைபோட்டுக் குடியிருக்கிறது" என்றேன்.

"லோன் ஐம்பதுக்கு வாங்கிட்டேனே சார்" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறான், பேச வேண்டும்.