மாத்திரை டப்பாவில் ஒரு நீரேற்றி

நீரை மேலே ஏற்றுவது எத்துணைக் கடினமான தொழில் என்பதை நம் முன்னோர் உடலால் அறிந்திருந்தனர். ஏற்றம் இறைக்க ஒருவர் மரத்தின்மீது முன்னும் பின்னும் நடந்தார். கமலைக்கு ஒரு சோடி மாடுகள் தேவைப்பட்டன. இறைகூடையை இருபுறமும் நின்று இருவர் வீசினர். இன்றைய பிள்ளைகளுக்கோ சுவிட்சைத் தட்டினால் மொட்டைமாடித் தொட்டி நிறைகிறது. அது எப்படி நிறைகிறது என்று கேட்டால், ஓடும் மோட்டாரைக் கைகாட்டுவதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது.

எங்கள் இல்லத்திலும் அவ்வாறே இருந்தது. ஆதலின் கோடை விடுமுறையில் ஒன்பதாம் வகுப்பு முடித்த மகனையும் ஏழாம் வகுப்பு முடித்த மகளையும் அமர்த்தி, வீட்டில் கிடக்கும் பொருள்களைக்கொண்டே ஒரு சிறு மின் நீரேற்றி செய்யத் தொடங்கினோம். கடைக்குச் செல்லக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

பழுதுற்ற பொம்மைக் கார் ஒன்றிலிருந்து மோட்டார் கிடைத்தது. கட்டைவிரல் பருமனே உள்ள அது, டார்ச் விளக்கின் பெரிய பாட்டரிகள் இரண்டால், அதாவது 3 வோல்ட்டால், ஓடுவது. மூடியுடன் கூடிய பிளாஸ்டிக் மாத்திரை டப்பா ஒன்று உடலாயிற்று. சூடேற்றிய ஆணியால் அதன் அடியின் நடுவே மோட்டாரின் தண்டு நுழையுமளவு ஒரு துளை. மூடியின் நடுவே நீர் புகுவதற்குச் சற்றுப் பெரிய துளை. பக்கவாட்டில் நீர் வெளியேற ஒரு துளை. இவ்வேலையைப் பெரியவர்களே செய்தல் நன்று. பக்கத் துளையில் பயனற்ற பந்துமுனைப் பேனாவின் கூட்டைச் சுவரோடு ஒட்டியவாறு சாய்த்துச் செருகி, மீன்தொட்டியின் பழைய ரப்பர்க் குழாயை அதனோடு இணைத்தோம். குளிர்பான மூடி ஒன்றை வட்டமாக வெட்டி, பவுடர் டப்பாத் தகரத்தில் நறுக்கிய நான்கு இதழ்களை அதன்மீது ஒட்டினோம். இதுவே சுழலி. தண்டு நுழையும் துளையில் சிறிது வாசலின். மற்ற இடுக்குகளில் உருக்கிய மெழுகு.

டப்பா நீருக்குள்ளும் மோட்டார் நீருக்கு மேலும் இருக்குமாறு, மூடியுள்ள பக்கத்தைக் கீழ்நோக்கிப் பிடித்தல் வேண்டும். எக்காரணம் கொண்டும் சுவரிலுள்ள மின்சாரத்தை இதில் இணைத்தலாகாது. கைப்பேசி சார்ஜரும் வேண்டாம். மலிவான சார்ஜர்களின் உள்காப்பை நம்பி நீரில் கைவைப்பது அறிவுடைமை அன்று. பாட்டரி போதும்.

கம்பியைத் தொட்டதும் குழாயில் நீர் எழுந்தபோது பிள்ளைகள் இட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும்! நீர் எவ்வாறு ஏறியது? சுழலும் இதழ்கள் நீரை விளிம்பை நோக்கி வீசுகின்றன. நடுவே அழுத்தம் குறைகிறது. அவ்விடத்தை நிரப்பப் புதுநீர் உள்ளே தள்ளப்படுகிறது. வயற்காட்டு மோட்டாரும் இவ்வாறே இயங்குகிறது.

டப்பாவை நீருக்கு மேலே தூக்கி, மூடியில் குழாய் பொருத்தி உறிஞ்சச் செய்யலாமே என்றான் மகன். செய்து பார்த்தான், வெறுங்காற்றில் சுழலி ஓலமிட்டதேயன்றி ஒரு துளியும் ஏறவில்லை. காற்று நீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி குறைந்தது. அதை வீசி எறிந்து நீரை இழுக்குமளவு வலிமை இச்சுழலிக்கு இல்லை. மோட்டார் போடுமுன் உழவர் பம்பில் ஒரு வாளி நீர் ஊற்றுவதும், குழாயின் அடியில் ஃபுட்வால்வு வைப்பதும் இதன்பொருட்டே. இன்னொன்றும் உண்டு. ‘இழுத்தல்’ என்று நாம் சொல்வது உண்மையில் வெளிக்காற்று நீரைத் தள்ளுவதே. இதனை 1644-இல் இத்தாலிய அறிஞர் தொரிச்செல்லி தம் மடலொன்றில் விளக்கினார். காற்றின் தள்ளுதல் சுமார் 10 மீட்டர் உயரத்தோடு தீர்ந்துபோகும். நடைமுறையில் அவ்வளவும் கிட்டாது. எங்கள் கிணற்றினுள் நீருக்கு அருகே திட்டு அமைத்து மோட்டார் வைத்திருப்பதன் காரணம் அன்றுதான் பிள்ளைகளுக்கு விளங்கிற்று.

இதழ்களை நேராக வைத்தபோது, 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு லிட்டர் நிறைய 95 நொடிகள் ஆயின. மகள் அவற்றைச் சுழலும் திசைக்கு எதிராகச் சற்றே வளைத்தாள். 80 நொடிகளில் நிறைந்தது. 1851-இல் இலண்டன் மாபெரும் கண்காட்சியில் ஆப்பல்டு என்பவர் வளைந்த இதழ்கொண்ட பம்பினால் மற்றவற்றை வென்றதும் இதே உத்தியால்தான். பன்னிரண்டு வயதுச் சிறுமி அதைத் தன் கைவிரலால் கண்டுகொண்டதில் எங்களுக்குச் சிறிது பெருமையே.

இனி வந்தது கணக்கு. ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 10 ஜூல் வேண்டும். எனவே எங்கள் பம்பு செய்த வேலை 3 ஜூல். அதற்கு அது பாட்டரியிலிருந்து குடித்ததோ 190 ஜூலுக்கு மேல்! நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறவில்லை. மகன் முகம் வாடிற்று. ஆனால் கையிலிருந்த தாளை விடாமல், அடுத்ததாகக் கிணற்றுக்குக் கணக்குப் போட்டான்.

எங்கள் கிணற்றில் 2003-இல்தான் மோட்டார் வந்தது. 1963-இல் மணமகளாய் இவ்வீட்டில் அடியெடுத்து வைத்த பிள்ளைகளின் அப்பத்தா, அந்த நாற்பது ஆண்டுகளும் நாளொன்றுக்கு 20 குடமாவது இறைத்திருப்பார். குடம் 12 லிட்டர். நீர்மட்டம் சராசரியாக 8 மீட்டர். ஒரு குடத்திற்கு 960 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 இலட்சம் ஜூல். மோட்டாரும் பம்பும் சேர்ந்து அதில் மூன்றிலொரு பங்கையே நீரேற்றமாக மாற்றும் எனக் கொண்டாலும், ஒரு யூனிட்டில் 1,250 குடங்கள் மேலே வரும். அப்பத்தாவின் இரண்டு மாத உழைப்பு அது. நாற்பது ஆண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 230 யூனிட்.

விடையை உரக்கப் படித்தபின் மகன் சற்று நேரம் பேசவில்லை. இரண்டு மாத மின்கட்டண அட்டையில் காணும் எண்ணைவிட அது சிறியது.

திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா, “வாளியத் தூக்குனதுக்குத்தானே கணக்கு? கெணத்தடியிலிருந்து அடுப்படிக்கு இடுப்புல சுமந்தேனே, அது எத்தன யூனிட்டு?” என்றார்.

“சமதரையில சுமந்தா வேலையே இல்ல அப்பத்தா. பூச்சியம். பாடத்துல இருக்கு.”

“பூச்சியமா? அப்ப இந்த இடுப்பு வலி எங்கேருந்துய்யா வந்துச்சு?”

பாடநூல் பொய் சொல்லவில்லை. விசையின் திசையில் பொருள் நகர்ந்தால் மட்டுமே இயற்பியல் அதை வேலை என்று எண்ணும்; குடம் உயராமல் பக்கவாட்டில் சென்றால் புவியீர்ப்பை எதிர்த்து எதுவும் செய்யப்படவில்லை. ஆயினும் சுமையைத் தாங்கி நிற்கும் தசை ஓயாமல் உணவை எரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தச் செலவு குடத்தின் கணக்கில் வராது. சுமப்பவரின் கணக்கில்தான் விழும். நாங்கள் இதை எடுத்துரைத்தபோது மகன் அளவுநாடாவைத் தேடிப் போய்விட்டான்.

கிணற்றடியிலிருந்து அடுக்களை 22 மீட்டர். இருபது நடைக்கு 440 மீட்டர். ஆண்டுக்கு 160 கிலோமீட்டர். நாற்பது ஆண்டுகளில் 6,400 கிலோமீட்டர். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது முறை, நிறைகுடத்துடன். வெறுங்குடத்தோடு கிணற்றடிக்குத் திரும்பிய நடையை அவன் சேர்க்கவில்லை என்று மகள் திருத்தினாள்.

மின்தடை நாள்களில் எங்கள் வீட்டில் இன்றும் கயிறும் வாளியும் இறங்குவதுண்டு. அது பெண்பிள்ளையின் வேலை என்று யாரும் சொன்னதில்லை. ஆயினும் மகளே சென்று வந்தாள். அடுத்த முறை மின்சாரம் நின்றபோது கயிற்றை எடுத்தவன் மகன். முதல் வாளி நீரின்மேல் மிதந்ததேயன்றி மூழ்கவில்லை. அப்பத்தா கைத்தடியை ஊன்றிக் கிணற்றடிவரை வந்து, கயிற்றை ஒருபக்கம் சுண்டிவிட்டு வாளியைச் சாய்க்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தார்.